ஒரு திரைக்கு இரண்டு பேர்

சாலையன்குடி பேரூராட்சி அலுவலகத்தின் மேல் ஆவணி மாதத்து முதல் இடி விழுந்தபோது குடிநீர்ப் புகார்ப் பிரிவின் மானிட்டர் மட்டும் கருகியது. பக்கத்து மேசையிலிருந்த பிறப்பு இறப்புச் சான்றிதழ்ப் பிரிவின் மானிட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. இடிக்குக்கூட ஆள் பார்த்து விழத் தெரிந்திருக்கிறதே என்று குடிநீர்ப் பிரிவு உலகம்மாளுக்கு எரிச்சல் வந்தது. பதினான்கு வருஷமாக அந்தப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கும் மெர்சி புஷ்பத்துக்கு எல்லாமே அப்படித்தான் வாய்த்தது. ஜன்னல் காற்று மெர்சிக்கு, ஜன்னல் வெயில் உலகம்மாளுக்கு. சான்றிதழ் வாங்கியவர்கள் மெர்சியைக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள், குழாயில் காற்று மட்டும் வருகிறவர்கள் உலகம்மாளைத் திட்டிவிட்டுப் போவார்கள். ஆகவே இரண்டு பேரும் தினமும் பத்தரை மணிக்கு ஒரு சண்டையைத் தொடங்கி, சாப்பாட்டுக்கு நிறுத்தி, மூன்று மணி டீக்குப் பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, ஐந்தே முக்காலுக்கு மிச்சத்தை மறுநாளுக்கு எடுத்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். வரிசையில் நிற்பவர்களுக்கு அது பொழுதுபோக்காகவும் இருந்தது.

புது மானிட்டர் கேட்டு செயல் அலுவலர் சிவசைலம் மூன்று கடிதம் எழுதினார். மேலிடத்திலிருந்து வந்தது மானிட்டர் இல்லை. உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டி, அதில் ஒரு பட்டன், இரண்டு சின்ன விளக்குகள், பின்னால் கொத்தாக வயர்கள். இரண்டு கம்ப்யூட்டரையும் இதில் சொருகினால் ஒரு மானிட்டர், ஒரு கீபோர்டு, ஒரு மவுஸே இரண்டுக்கும் போதும் என்று கூட வந்த தாளில் இருந்தது. அலுவலக உதவியாளர் மாசிலாமணி, ஓய்வுக்கு இரண்டே வருஷம் பாக்கியிருந்தவர், இரண்டு மேசைகளையும் தரையைக் கீறி இழுத்து ஒன்றாகச் சேர்த்தார்.

"ஒண்ணாம் விளக்கு எரிஞ்சா தண்ணி. ரெண்டாம் விளக்கு எரிஞ்சா சான்றிதழ்," என்றார் சிவசைலம். "பட்டனை அமுக்குனா மாறிக்கிடும். சண்டை போடாம பாத்துக்கிடுங்கம்மா."

"நான் பாதி எழுதிக்கிட்டு இருக்கும்போது இவ அமுக்கிட்டா?" என்றாள் உலகம்மாள்.

"நான் எதுக்கு அமுக்குதேன்? அக்கா அமுக்காம இருந்தாப் போதும். போன வாரம் என் ஸ்டேப்ளர எடுத்துட்டு..."

அதற்குள் சிவசைலம் பட்டனை அமுக்கினார். ஒன்றாம் விளக்கு எரிந்தது, திரையில் குடிநீர்ப் புகார்கள் வந்தன, மெர்சி நின்றுபோனாள். வாய் பாதி திறந்தபடி, ஒரு விரல் உலகம்மாளை நோக்கி நீட்டியபடி, கண் திறந்தபடி நின்றுபோனாள். சிவசைலம் மறுபடி அமுக்கினார். "...இன்னைக்கு வரைக்கும் தரல," என்று முடித்தாள் மெர்சி, இப்போது உலகம்மாள் நின்றிருந்தாள். அவர் நாலைந்து தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு, பெட்டி வேலை செய்கிறது என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வயரைக் கழற்றிப் பார்க்கவும் செய்தார்கள். இரண்டு பேருமே நின்றுவிட்டதால் அவசரமாகத் திரும்பச் சொருகினார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் வந்து நாடி பார்த்தார், மூச்சுப் பார்த்தார், கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். "உடம்புல ஒரு குறையும் இல்ல. லைன் வேற பக்கம் போயிருக்கு, அவ்வளவுதான்," என்று சொல்லி, வந்த வேலையோடு வேலையாகத் தன் தெருவில் நாலு நாளாகத் தண்ணீர் வராததையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். நின்றிருப்பவளைக் கையைப் பிடித்து நடத்தினால் நடந்தாள், உட்காரவைத்தால் உட்கார்ந்தாள், பசி தெரியவில்லை, தாகம் தெரியவில்லை. பெட்டியிலிருந்து எத்தனை மைல் தள்ளிப் போனாலும் விளக்கு எரிகிறவள்தான் விழித்திருந்தாள். ஆகவே அலுவலக ஆணை ஒன்று தட்டச்சாகிச் சுவரில் ஒட்டப்பட்டது: ஒரு நாள் உலகம்மாள், ஒரு நாள் மெர்சி, மதியம் ஒரு மணிக்கு மாசிலாமணி பட்டனை அமுக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் வந்து அமுக்க வேண்டும்.

ஊர் இதற்குப் பழக ஒன்பது நாள்கூட ஆகவில்லை. ஊரே பழகிக்கொண்டதுதான் உலகம்மாளுக்குத் தாங்கவில்லை. குழந்தை பெற்றவர்களும் ஆளைப் பறிகொடுத்தவர்களும் மெர்சியின் நாளுக்கு வந்தார்கள். குடத்தோடு வருகிறவர்கள் உலகம்மாளின் நாளுக்கு வந்தார்கள். கடைவீதி ஜவுளிக்கடைக்காரர் அடுத்த வருஷத்துக் காலண்டரில் ராகுகாலம், எமகண்டத்துக்குக் கீழே ‘உ’ என்றும் ‘மெ’ என்றும் சிவப்பில் அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்தார். நின்றிருப்பவளின் மடியில் குடையை வைத்தார்கள், தோளில் பையை மாட்டினார்கள், விண்ணப்பங்கள் காற்றில் பறக்காமலிருக்க அவள் முழங்கைக்கு அடியில் சொருகினார்கள். அவசரக்காரர்கள் யாரும் பார்க்காத நேரத்தில் எட்டிப் பட்டனை அமுக்கினார்கள். கீழத்தெரு அடிகுழாயைப் பற்றி உலகம்மாள் தொடங்கிய ஒரு வாக்கியம் இப்படியே ஐந்து நாள் நடந்து, கடைசியில் அவள் அதை முடித்தபோது கேட்க அங்கே கீழத்தெருக்காரர் யாருமே இல்லை.

நிற்பவளுக்கு நின்றது தெரியாது. ஒரு இமைப்புத்தான். அந்த இமைப்புக்குள் ஆட்டி வைத்த மாவு புளித்துப் பொங்கி வழிந்திருக்கும், மொட்டை மாடியில் காயவைத்த வற்றலை மழை நனைத்திருக்கும், மல்லிகைச் சரம் தலையிலேயே கறுத்திருக்கும். தன் நாளில் முகூர்த்தம் வந்தால் உலகம்மாள் கல்யாணத்துக்குப் போனாள். மெர்சியின் நாளில் வந்தால், கையைப் பிடித்து அழைத்துப்போய்ப் பந்தியில் உட்காரவைத்து, போட்டோவும் எடுத்துக்கொண்டு திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். போட்டோவில் பார்த்துத்தான் தான் எந்தச் சேலை கட்டியிருந்தோம் என்று தெரிந்துகொண்டாள். போதாக்குறைக்கு அவள் புருஷன் கோமதிநாயகம், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், "வீட்டுல ஒருநாள் விட்டு ஒருநாள் அமைதி, நானும் பேப்பரு முழுசாப் படிக்கேன்," என்று டீக்கடையில் சொன்னது, சொன்ன வேகத்திலேயே அவள் காதுக்கு வந்தது.

"நான் என்ன ரேடியோவா, உமக்கு வேணும்போது திருகிக்கிட?" என்று கேட்டாள்.

"அப்பிடி இல்ல, உலகு," என்று தொடங்கியவர், சுவரில் மணியைப் பார்த்தார். பன்னிரண்டு ஐம்பத்தைந்து. பேசாமலிருந்துவிட்டார். அந்த ஐந்து நிமிஷ அமைதியை அவள் மன்னிக்கவே இல்லை.

இரண்டு பேரும் இனி நேரில் பேச வழியில்லாததால் மேசைமேல் ஒரு நோட்டுப் போட்டார்கள்.

‘ஜன்னலைச் சாத்திவிட்டுப் போகவும். – உ.’

‘நான் எங்கும் போகவில்லை. இங்கேதான் உட்கார்ந்திருந்தேன். – மெ.’

‘என் டம்ளரில் லிப்ஸ்டிக். – உ.’

‘நான் லிப்ஸ்டிக் போடுவதில்லை. அது வெற்றிலை. உங்களுடையது. – மெ.’

எழுதி ஒருநாள் காத்திருந்து வாங்கும் பதிலில் காரமே இல்லை. உலகம்மாள் எழுதும்போது கொதித்தாள், பதிலைப் படிக்கும்போது ஆறியிருந்தாள், ஆறியிருப்பதே அவளை மறுபடி எரிச்சல்படுத்தியது. எதிரே மெர்சி சிலைபோல உட்கார்ந்திருக்கும் நாள்களில் சிலசமயம் வேண்டுமென்றே ஃபேனை அணைத்துப் பார்த்தாள். மெர்சியின் நெற்றியில் வியர்வை அரும்பியது. ஒரு வார்த்தை வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வாய்க்குள் திட்டிக்கொண்டே தன் முந்தானையால் அந்த வியர்வையைத் துடைத்து ஃபேனைப் போட்டாள்.

இப்படி எட்டு மாதம் போயிற்று. அதாவது ஊருக்கு எட்டு மாதம், உலகம்மாளுக்கு நாலு மாதம். சித்திரையில் அவள் மகன் சண்முகவேல் வருவதாக இருந்தான். கப்பலில் வேலை; வருஷத்தில் பன்னிரண்டு நாள்தான் வீடு. அதில் ஆறு நாளை அந்தப் பெட்டிக்குக் கொடுக்க அவள் தயாராக இல்லை.

‘என் மகன் வருகிறான். ஐந்தாம் தேதியிலிருந்து பன்னிரண்டு நாளும் எனக்கு வேண்டும். விட்டுத்தர முடியாது. – உ.’

மறுநாள் மெர்சியின் எழுத்து இருந்தது: ‘பெனிட்டாவுக்கு இந்த மாதம் பிரசவத்துக்கு நாள் குறித்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் வேறு பெண்துணை கிடையாது. மருமகன் கோயம்புத்தூரிலிருந்து வரவேண்டும்.’

மெர்சியின் புருஷன் இறந்து பத்து வருஷம். அவளும் மகள் பெனிட்டாவும்தான். அது உலகம்மாளுக்குத் தெரியும். தெரிந்தும் பேனாவை எடுத்தாள். ‘பிள்ளை பெறுவது என்றைக்கு என்று யாருக்கும் தெரியாது. கப்பல் என்றைக்குக் கிளம்பும் என்று எனக்குத் தெரியும்,’ என்று எழுதினாள். எழுதிவிட்டு, மெர்சி என்னென்ன பதில் எழுதுவாள், அதற்குத் தான் என்னென்ன எழுத வேண்டும் என்று நாலு பக்கத்துக்கு மனசுக்குள் தயார் செய்துகொண்டாள்.

அடுத்த இமைப்பில் நோட்டில் இரண்டே வார்த்தை இருந்தது. ‘சரி அக்கா.’

"சரியாமே, சரி!" என்று அவள் நோட்டை மேசையில் அடித்தாள். "பதினாலு வருஷத்துல ஒருநாள் சரின்னு சொல்லிருக்காளா இவ? இன்னைக்குத்தான் வாய்ல வந்துச்சாக்கும்?"

"ஒத்துக்கிட்டாங்கல்லாம்மா, பொறவு என்ன?" என்றார் மாசிலாமணி.

"உமக்கு ஒண்ணும் தெரியாது அண்ணாச்சி. சும்மா இரும்."

மகன் வந்தான். உலகம்மாள் லீவு போட்டாள், விளக்கு மட்டும் ஒன்றிலேயே நின்றது. நண்டு சமைத்தாள், நெத்திலி வறுத்தாள், அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனோ பாதி நேரம் போனில் இருந்தான், மீதி நேரம் தூங்கினான். "எம்மா, பக்கத்துலயே உக்காந்து இமைக்காமப் பாத்தா எனக்கு எப்பிடிச் சோறு எறங்கும்?" என்றான். இமைக்கப் பயந்துபோயிருந்ததை அவனிடம் எப்படிச் சொல்வது?

ஐந்தாவது நாள், சனிக்கிழமை காலை, மாசிலாமணி சைக்கிளை வாசல் சுவரில் சாய்த்துவிட்டு மூச்சுவாங்க உள்ளே வந்தார்.

"பெனிட்டாப் பிள்ளைக்கு வலி வந்துட்டு. திருநவேலி பெரியாஸ்பத்திரிக்குப் போயிருக்கு."

"யாரு கூட்டிட்டுப் போனா?"

"யாரு கூட்டிட்டுப் போவா? அந்தப் பிள்ளைதான், வலியோட, நாக்காலியில இருந்த அம்மாவ எந்திரிக்க வச்சு, செருப்பு மாட்டிவிட்டு, கையப் பிடிச்சு ஆட்டோல ஏத்திக்கிட்டுப் போயிருக்கு. ஆட்டோக்காரர் பொஞ்சாதி தொணைக்குப் போயிருக்காங்க. பிள்ளை அம்மாவோட கைய விடவே மாட்டேங்குதாம்."

உலகம்மாள் கையிலிருந்த கரண்டி நின்றது. இந்தத் தடவை பட்டனை யாரும் அமுக்கவில்லை.

"எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா?"

"நானும் கேட்டேன். அம்மா சரின்னு எழுதிக் குடுத்துட்டாங்க, அதை நான் மாத்தக் கூடாதுன்னுச்சு."

"என்ன குடும்பம்யா இது!" என்று அவள் கத்தியதில் மாடியில் தூங்கிக்கொண்டிருந்த மகன் எழுந்து வந்தான். "சண்டை போட வேண்டிய நேரத்துல போடாம, வலி வந்தாலும் வாயத் தொறக்காம! இவளுவள வச்சுக்கிட்டு நான் என்ன செய்யதுக்கு?" அடுப்பை அணைத்தாள். கையைச் சேலையில் துடைத்தாள். சண்முகவேல் பைக் சாவியை எடுத்தான்.

அலுவலக வாசலில் ஐம்பது குடங்கள் நின்றன. உலகம்மாள் தொடர்ந்து ஐந்து நாளாக விழித்திருந்ததில், வாரத்தில் பாதி நாளே புகார் கொடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு நம்பிக்கை வந்து தினமும் வரத் தொடங்கியிருந்தார்கள். அவள் லீவில் இருப்பதையோ, சனிக்கிழமை விடுமுறை என்பதையோ அவர்கள் பொருட்படுத்தவில்லை. செய்தி அதற்குள் பரவியிருந்தது. மேலத்தெருப் பெண் ஒருத்தி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு படியை மறித்தாள்.

"அமுக்கப் போறீயளாமே? இந்தக் கோடையில நீங்களும் போய் உக்காந்துட்டா எங்க தண்ணிக்கு யாரு?"

"எட்டு மாசமா நான் எழுதுதேன், எழுதுதேன், எழுதிக்கிட்டே இருக்கேன். நான் முழிச்சிருந்ததுனால ஒரு சொட்டுத் தண்ணி கூட வந்துச்சா உனக்கு?"

அந்தப் பெண் யோசித்துப் பார்த்தாள். குடத்தை இறக்கிவைத்து வழிவிட்டாள்.

உள்ளே போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்து உலகம்மாள் போனைப் போடச் சொன்னாள். அந்தப் பக்கம் ஆட்டோக்காரர் மனைவி எடுத்தாள். மெர்சி பிரசவ அறைக்கு வெளியே பெஞ்சில் இருப்பதாகச் சொன்னாள்.

"பெஞ்சுல இருந்தா ஆச்சா? நர்ஸம்மாகிட்டச் சொல்லிட்டு உள்ள கூட்டிட்டுப் போ. பிள்ளை தலைமாட்டுல நிறுத்து. அவ கைய எடுத்துப் பிள்ளை கையில வையி. சும்மா இல்ல, நல்லா இறுக்கி வையி. வச்சாச்சா?"

கொஞ்ச நேரம் யார் யாரோ பேசும் சத்தம் கேட்டது. "வச்சாச்சுக்கா."

"அண்ணாச்சி, மெர்சியாச் சொன்னாத் தவிர இதைத் தொடக் கூடாது. பத்து நாள் ஆனாலும் சரி." மகனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தலையசைத்தான். அமுக்கினாள்.

இமைத்தாள். மேற்கு ஜன்னலில் வெயில் மஞ்சளாகியிருந்தது. எதிரே சண்முகவேல் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தான்.

"பொம்பளப் பிள்ளையாம்மா," என்றார் மாசிலாமணி முகமெல்லாம் சிரிப்பாக. "தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க. மெர்சியம்மாதான் போன் போட்டாங்க. அக்காவோட மகன் வந்திருக்கான், உடனே அக்காவ எழுப்புங்கன்னாங்க."

"பிள்ளை பொறந்து எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ஒரு மணி நேரம்."

"ஒரு மணி நேரம்! பச்ச உடம்புக்காரி பக்கத்துல மறுபடியும் பொம்மையா உக்காரணுமோ அவ? கூறு இருக்கா இவளுக்கு?" ஓங்கி அமுக்கினாள்.

இமைத்தாள். வெயில் ஒரு சாண் நகர்ந்திருந்தது. "பிள்ளையத் தொட்டில்ல போட்டுட்டு மறுபடி போன் போட்டாங்க," என்றார் மாசிலாமணி. "பெத்த மகன விட்டுட்டு அக்கா ஏன் இப்பிடி அடம்பிடிக்காவன்னு..."

"அடமா? யாரு அடம்?" அமுக்கினாள்.

இமைத்தாள். அமுக்கினாள். இமைத்தாள். குடத்தோடு வந்தவர்கள் ஜன்னலில் தொற்றிக்கொண்டு ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கியிருந்தார்கள். அடுத்த இமைப்பில் மாசிலாமணி போனைக் காதில் வைத்தபடி எதிரே நின்றிருந்தார்; முப்பத்தாறு வருஷ அலுவலக வாழ்க்கையில் யாரிடமும் குரல் உயர்த்தாத மனிதர், முகமெல்லாம் சிவந்திருந்தார்.

"சண்டைக்காரியளா இருந்தப்ப ஒரு நாளைக்கு ஒரு தடவ அமுக்குனேன்," என்றார். "ரெண்டு பேரும் நல்லவங்களா ஆனப்பொறவு என் பெருவிரலு வீங்கிட்டு. ஒருத்தரு குடுக்கும்போது மத்தவரு வாங்கிக்கிட மாட்டியளா? எனக்கு இனிமே முடியாது, தாயே. முடியவே முடியாது!"

சொல்லிக்கொண்டே முஷ்டியால் பெட்டியின் தலையில் ஒரு குத்து விட்டார். பட்டன் உள்ளே போனது; வெளியே வரவில்லை. பெட்டியின் மூடி குறுக்கே விரிசல் விட்டது. இரண்டு விளக்கும் எரிந்தன. திரையில் வறண்ட குழாய்களின் மேலேயே பிறந்த பிள்ளைகளின் பெயர்கள் எழுதப்பட்டு, எது எதென்று தெரியாமல் நின்றன. உலகம்மாள் மாசிலாமணியைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள், இமைத்துப் பார்த்தாள். வெயில் இருந்த இடத்திலேயே இருந்தது. மாசிலாமணியின் கையிலிருந்த போனிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அண்ணாச்சி? அமுக்கிட்டீங்களா? நான் முழிச்சுத்தான் இருக்கேன்."

உலகம்மாள் போனைப் பிடுங்கினாள். "ஏட்டி மெர்சி..."

"அக்கா?" என்றாள் மெர்சி. "நீங்களுமா?"

எட்டு மாதத்துக்கும் சேர்த்து எடுத்துவைத்திருந்த சண்டையில் இரண்டு பேருக்கும் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. ஜன்னலில் தொங்கியவர்கள் ஏமாந்துபோய் இறங்கினார்கள். விஷயம் கேட்டு ஓடிவந்த சிவசைலம் திரையைப் பார்த்துத் தலையில் கைவைத்து, "திங்கக்கிழமை வேலைக்கு நான் என்ன செய்வேன்?" என்று கேட்டார்.

மறுநாள் காலை மகனோடு பைக்கில் உலகம்மாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். பூண்டுக் குழம்பும் வெந்நீர் பிளாஸ்க்கும் பழந்துணி மூட்டையும் கொண்டுபோனாள். வழியெல்லாம் சண்முகவேலிடம் மெர்சியைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டே போனாள்; அவனும் ஊம் கொட்டிக்கொண்டே ஓட்டினான். வார்டில் பெனிட்டா அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஸ்டூலில் மெர்சி, கலைந்த தலையும் சிவந்த கண்ணுமாக, பிள்ளையை மடியில் வைத்திருந்தாள். உலகம்மாளைப் பார்த்ததும் எழுந்தாள். எழுந்தாள், நடந்தாள், மூக்கை உறிஞ்சினாள், தானாக. உலகம்மாள் வாசலிலேயே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் பிடிங்கக்கா," என்று பிள்ளையை அவள் கையில் கொடுத்தாள் மெர்சி. "ராத்திரி பூரா கண்ணை மூடல. மூடுனா எந்திரிப்பேனோ மாட்டேனோன்னு பயமா இருந்துச்சு. இப்ப நீங்க இருக்கீயள்லா?"

ஸ்டூலில் திரும்ப உட்கார்ந்து சுவரில் தலையைச் சாய்த்தவள், உலகம்மாள் பதில் சொல்வதற்குள் தூங்கிவிட்டாள். வாய் திறந்திருந்தது. சன்னமாகக் குறட்டைகூட வந்தது. கழுத்து ஒருபக்கம் சரிய, உலகம்மாள் தன் தோளைக் கொண்டுபோய் முட்டுக்கொடுத்து உட்கார்ந்தாள். ஒரு கையில் பிள்ளை, ஒரு தோளில் இவள், அசைய வழியில்லை. பிள்ளை அந்த நேரம் பார்த்து அவளுடைய பட்டுச்சேலையை நனைத்தது. சண்முகவேல் சிரித்தான். அவள் அவனை முறைத்தாள்.

நர்ஸ் ஒருத்தி கையில் பேப்பரோடு வந்தாள். "பாட்டியம்மா கையெழுத்துப் போடணும். எழுப்புங்க அவங்கள."

"பொறும்மா," என்றாள் உலகம்மாள், குரலைத் தாழ்த்தி. "தூங்குதா. அவளா எந்திரிக்கட்டும்."